வேலைக்குப் போகும் தாய்க்குப் பாலூட்டும் இடைவேளை உண்டு

ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள். பிரசவ லீவோ 84 வேலை நாட்கள்தான். அதில் 14 நாள் பிரசவத்துக்கு முன்பே போய்விட்டால், பிள்ளைக்கு மூன்று, மூன்றரை மாதம் ஆகும்போதே கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்கோ வவுனியாவில் கடைக்கோ திரும்ப வேண்டும். மிச்ச மாதங்களுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

இலங்கையில் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். கடை, அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம். 2018இல் இரண்டையும் திருத்தினார்கள். முன்பு மூன்றாவது பிள்ளை என்றால் 42 நாள்தான். இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் சம்பளத்தோடு 84 நாள். வாராந்த விடுமுறையும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் இந்தக் கணக்கில் வராது.

வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரம் வேறு, இது வேறு.

சரி, பூநகரியிலிருந்து பஸ் ஏறி வருபவர் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்வர முடியுமா? முடியாது. அந்த நேரத்தில் பாலைப் பிழிந்து, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். நான்கு நாள் வரை இருக்கும். நமது வெயிலில் வெளியே வைத்தால் அதிக நேரம் தாங்காது. பிழியாமல் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், போகப் போகப் பாலும் குறையும். இரண்டு இடைவேளையையும் சேர்த்து மாலையில் நேரத்தோடு போகலாமா என்றும் நிர்வாகத்திடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் அது இரு தரப்பும் இணங்கிச் செய்ய வேண்டியது.

இவ்வளவு சிரமப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருட்கள் வயிற்றோட்டத்தையும் சுவாசத் தொற்றையும் குறைக்கின்றன. உவர்க் கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். கச்சான் காற்று வீசும் நாட்களில் 'பிள்ளைக்குத் தண்ணி விடாய்க்கும்' என்று அம்மம்மாமார் கரண்டியோடு வருவார்கள். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், வேறு தண்ணீர் தேவையில்லை. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஊட்டத் தொடங்கினால் தாயின் கர்ப்பப்பை சுருங்கி இரத்தப்போக்கு குறையும். மார்பகப் புற்றுநோய், சூலகப் புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றின் அபாயமும் குறைகிறது. பால் கூடும் என்று சொல்லிக் கொடுக்கும் பாற்சுறா மீன் வறையைச் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடுதான். ஆனால் பால் கூடுவது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதால்.

நாட்கூலிக்கு வயலில் களை பிடுங்கப் போகிறவர்களுக்கு இந்தச் சட்டம் நடைமுறையில் எட்டுவதில்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இது. அவர்களும் கிளினிக்கில் பதிந்து, பாலூட்டும் தாய்மாருக்கான திரிபோஷா சத்துமாவைக் கேட்கலாம். பால் கொடுப்பதில் சிக்கல் என்றால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மிட்வைஃப்) சொல்லுங்கள். முதலாளி இடைவேளை தர மறுத்தாலோ, கர்ப்பத்தைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தினாலோ, தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளையும் கொண்டுபோங்கள்.