எஸ்எஸ்டி வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், காரைக்குடியில் கணினி சர்வீஸ் செய்கிற எங்களைப் போன்றவர்களிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "எஸ்எஸ்டி போட்டா கேம் ஸ்பீடா ஓடுமாண்ணே?" எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகக் கணினியில் தகவல் சேமிக்கப் போடுகிற வேகமான டிரைவ். கேட்பது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளை. பக்கத்தில் நின்று பணம் கொடுப்பவர் அப்பாவாக இருப்பார், அல்லது கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்து பேரனோடு பஸ் ஏறி வந்த ஆச்சியாக இருப்பார். அந்தப் பணம் சரியான பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும். ஆடும்போது நடுநடுவே நின்று நின்று வருவதும் பெரும்பாலும் குறையும். ஆனால் எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்கிற கணக்கு, அதனால் ஏறாது. அது கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பார்க்கிற வேலை. 30 எஃப்பிஎஸ்ஸில் ஓடுகிற கேம் எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகும் 30இல்தான் ஓடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விற்றுவிட்டால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வாடிய முகத்தோடு கடை வாசலில் நிற்கும்.

ஹார்டு டிஸ்க் ஏன் திணறுகிறது? அதற்குள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றும் தட்டு இருக்கிறது. அதன்மேல் நகர்ந்து நகர்ந்து படிக்க ஒரு கை இருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ப் படிக்கக் கிட்டத்தட்ட 10 மில்லிவிநாடி ஆகும். நாலு கட்டு வீட்டில் விசேஷ நாளன்று சாமான் எடுத்துக் கொடுக்க ஒரே ஆள், ஒரே சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்டா முதல் கட்டில், கரண்டி மூன்றாம் கட்டில், ஜமுக்காளம் மாடியில். ஆள் ஓடுகிற நேரம்தான் அதிகம், எடுக்கிற நேரம் கொஞ்சம். ஒரு சினிமா ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் அதே டிஸ்க் விநாடிக்கு 100, 150 எம்பி கொடுக்கும். கேம் கேட்பதோ அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். அப்போது வேகம் ஒன்றிரண்டு எம்பிக்குக்கூட விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் நகர்கிற பாகமே கிடையாது. கேட்ட துண்டை ஹார்டு டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கும் வேகமாகத் தேடி எடுத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். ஒரு தம்பி கொண்டுவந்த டெஸ்க்டாப்பில் ஜிடிஏ 5 கேம் ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்வரை எல்லாம் சரி. காரை வேகமாக விரட்டியதும் எதிரே வரும் கட்டடங்கள் மங்கலாக நின்றன, கடைப் பலகையில் எழுத்தே தெரியவில்லை, அப்புறம் திரை அரை விநாடி உறைந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் காட்டினேன். உறைகிற அதே நொடியில் டிஸ்க் 100 சதவீதம், படிக்கும் வேகம் வெறும் 3 எம்பி. கிராஃபிக்ஸ் கார்டு வேலையில்லாமல் கிடந்தது. இந்தக் கணினிக்கு எஸ்எஸ்டி போடலாம், கொடுத்த காசுக்குப் பலன் தெரியும். இதற்கு மாறாக டிஸ்க் சும்மா இருந்து, கிராஃபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி வாங்காதீர்கள். மெமரி, அதாவது ரேம், 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் முதலில் ரேமைக் கூட்டுங்கள்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். பழைய மாடல்களில் எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் சுறுசுறுப்பாகும், படிப்புக்கும் புராஜெக்ட்டுக்கும் நல்லது. ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அந்த மெஷினில் இன்றைய பெரிய கேம்களை எதிர்பார்க்க வேண்டாம்.

புதிய கேம்கள் எஸ்எஸ்டியை வற்புறுத்திக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 என்கிற கேம் கன்சோலுக்குள் விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கிற எஸ்எஸ்டி இருந்தது. அந்த வேகத்தை நம்பிக் கேம்களை வடிவமைக்கத் தொடங்கினார்கள். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு, பால்டர்ஸ் கேட் 3 இரண்டுக்கும் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே எஸ்எஸ்டி இருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்காக ஒரே தகவலைப் பல இடங்களில் நகல் எடுத்து வைப்பார்கள், அந்தக் கை அதிகம் அலையக் கூடாது என்று. ஹெல்டைவர்ஸ் 2 என்கிற கேம் கணினியில் 150 ஜிபி அடைத்துக்கொண்டிருந்தது இதனால்தான். 2025 கடைசியில் அந்த நகல்களை நீக்கியதும் 23 ஜிபி அளவுக்கு இறங்கிவிட்டது.

அதற்காக எல்லாத் தாமதத்துக்கும் டிஸ்க்கைக் குறை சொல்லவும் கூடாது. ஜிடிஏ 5இன் இணைய ஆட்டமான ஜிடிஏ ஆன்லைன் திறக்க எடுத்துக்கொண்ட நீண்ட நேரத்துக்குக் காரணம் புரோகிராமில் இருந்த பிழை என்று 2021இல் ஓர் ஆட்டக்காரரே கண்டுபிடித்தார். நிறுவனமும் ஒப்புக்கொண்டு அப்டேட் கொடுத்தது. எஸ்எஸ்டி வைத்திருந்தவர்களும் அதுவரை காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எதை வாங்குவது? பழைய மதர்போர்டு என்றால், ஹார்டு டிஸ்க் செருகுகிற அதே சாட்டா இணைப்பில் போடுகிற சாட்டா எஸ்எஸ்டி போதும். விநாடிக்கு 550 எம்பி வரை படிக்கும். மதர்போர்டில் எம்.2 என்கிற மெல்லிய ஸ்லாட் இருந்தால், அதில் நேரடியாகச் செருகுகிற, இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போடலாம், அது 3500, 7000 எம்பி என்றெல்லாம் போகும். ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல். சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் பெரும்பாலான கேம்களில் சில விநாடிதான் வித்தியாசம். எம்.2 ஸ்லாட் சாட்டாவை ஏற்கிறதா, என்விஎம்இயை ஏற்கிறதா என்று மதர்போர்டு பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளியே செருகும் எஸ்எஸ்டி என்றால் கணினியின் பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகாதீர்கள். அதில் 40 எம்பிகூடத் தாண்டாது.

போலி எஸ்எஸ்டிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ஆன்லைனில் நம்பமுடியாத விலைக்கு 2 டிபி என்று வாங்கிய பெட்டி ஒன்று கடைக்கு வந்தது. விண்டோஸும் 2 டிபி என்றே காட்டியது. கேமை ஏற்றினால் பாதிவரை நன்றாக ஏறும், அப்புறம் ஃபைல் கெட்டுவிட்டது என்று சொல்லும். பிரித்துப் பார்த்தோம். உள்ளே சின்ன போர்டு, அதில் செருகிய ஒரு மெமரி கார்டு, கனம் தெரிவதற்காக ஒட்டிய இரும்புத் துண்டு. கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி புரோகிராம் எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளை பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் ஆகும், ஆனாலும் பொருளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் உண்மை தெரிந்துவிடும்.

போட்ட பிறகு, இருக்கிற கேமை அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு செய்யாதீர்கள். தினசரி டேட்டாவில் 100 ஜிபி இறக்கி முடிக்க மாதக்கணக்காகும். கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் செயலியில் கேமின் பிராப்பர்ட்டீஸுக்குள், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பகுதியில், வேறு டிரைவுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. விண்டோஸும் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும். ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள், நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் படுத்துவிடும். சிதறிய ஃபைல் துண்டுகளை ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக் மென்பொருள் எதுவும் வேண்டாம், தேவையானதை விண்டோஸே செய்துகொள்ளும். சித்திரை வெயிலில் என்விஎம்இ சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடு ஒட்டுவது நல்லது.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற மென்பொருளில் சோதியுங்கள். 'குட்' என்று காட்டினால் எடைக்குப் போட வேண்டாம். கல்யாண வீடியோ, சாந்தி விழாப் படம், பாடம் எல்லாம் அதில் இருக்கலாம், அவற்றுக்கு வேகம் தேவையில்லை. நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் கணினிக்கு வருடக்கணக்கில் மின்சாரமே இருக்காது. எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. எழுதி எழுதி ஆயுள் முடியும் நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்கிற தர அமைப்பின் நிர்ணயம். புதியது அதைவிட அதிக நாள் தாங்கும். ஆனாலும் இங்கே கோடையில் பூட்டிய அறை 30 டிகிரியில் நிற்பதில்லை. கேம் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், ஐயாவின் சதாபிஷேகப் படத்தை எங்கே போய் இறக்குவது? குடும்பப் படங்களை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒன்று என இரண்டு பிரதியாக வையுங்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை செருகித் திறந்து பார்த்துவிடுங்கள்.