ஃபார்மட் செய்த ஹார்ட் டிஸ்க் காலியானதல்ல

"எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டுத்தான் கொடுத்தேன்" என்ற வாக்கியத்தைத் தரவு மீட்புப் பணியில் இருக்கும் நான் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். அண்மையில் ஒருவர், செகண்ட் ஹேண்டாக வாங்கிய ஹார்ட் டிஸ்க் அடிக்கடி நின்றுபோகிறது என்று பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். விண்டோஸில் திறந்தால் ஒரு கோப்பும் இல்லை. செக்டர் செக்டராக, அதாவது டிஸ்கின் சிறு சிறு பகுதிகளாகப் படித்துப் பார்த்தபோது, அதை முன்பு வைத்திருந்தவரின் அடையாள அட்டை நகல்கள், ஒரு குழந்தையின் மருத்துவ அறிக்கைகள், வங்கிக் கணக்குகளின் கடவுச்சொற்களை வரிசையாகத் தட்டச்சு செய்து வைத்த உரைக் கோப்பு என ஒவ்வொன்றாக வெளிவந்தன. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு அறிந்துகொள்ள எனக்கோ, அந்த டிஸ்கை வாங்கியவருக்கோ எந்த உரிமையும் இல்லை. அவருடைய ஒப்புதலோடு அதை அன்றே முழுமையாக அழித்தேன். வேறொருவர் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கோப்பை நீக்கினாலும், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், விரைவு ஃபார்மட் கொடுத்தாலும் மாறுவது கோப்பு அட்டவணை மட்டுமே. "இந்த இடம் இனிக் காலி, வேறு எதையாவது எழுதிக்கொள்ளலாம்" என்று அட்டவணையில் குறிக்கப்படுகிறதே தவிர, அந்த இடத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த தரவை யாரும் தொடுவதில்லை. இதை நம்பாதவர்கள் கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதும் 4 டெராபைட் டிஸ்க் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை எழுதி முடிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விரைவு ஃபார்மட் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஏழு மணி நேர வேலை சில நொடிகளில் எப்படி முடிந்திருக்க முடியும் என்று ஒருமுறையாவது யோசித்துப் பாருங்கள்.

பெயரும் அட்டவணையும் போனபின் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் தவறு. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளோடுதான் தொடங்கும். மீட்பு மென்பொருள் அட்டவணையைக் கண்டுகொள்ளாமல் டிஸ்க் முழுவதும் இந்த அடையாளத்தைத் தேடி, அகப்பட்ட படங்களையெல்லாம் எடுத்து அடுக்கிவிடும். அந்த மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை இயக்கச் சிறப்புப் பயிற்சியும் தேவையில்லை. விண்டோஸை மறுபடி நிறுவியதாகச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்: புதிய விண்டோஸ் அமர்ந்த சில பத்து ஜிபி இடம் போக, மிச்சமெல்லாம் பழையபடியேதான் இருக்கிறது.

விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் பூஜ்யங்களை எழுதுகிறது என்பது உண்மை. எக்ஸ்பி காலத்து முழு ஃபார்மட் அதையும் செய்ததில்லை. ஆனால், விரைவு ஃபார்மட் என்ற கட்டத்தில் இருக்கும் டிக் குறியை எடுத்துவிடுபவர்கள் குறைவு, எடுப்பவர்களும் டிஸ்கின் ஒரு பிரிவை (பார்ட்டிஷனை) மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்கை அழிக்க வேண்டுமென்றால் முழு டிஸ்கையும் மேலெழுதுங்கள், அதாவது பழைய தரவின்மேல் பூஜ்யங்களை எழுதுங்கள். விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் உள்ள 'கிளீன் ஆல்' கட்டளை அதைச் செய்யும். வெறும் 'கிளீன்' செய்யாது. தொடங்குமுன் மற்ற டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு வருபவர்களுக்கு என்னால் எந்த உதவியும் செய்ய முடியாது.

எத்தனை முறை மேலெழுத வேண்டும் என்ற கேள்விக்கு இன்றும் 35 என்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண். தட்டில் தரவைப் பதிய அக்காலத்தில் புழங்கிய பலவகைக் குறிமுறைகளுக்காகத் தொகுக்கப்பட்ட அந்த வரிசையை இன்றைய டிஸ்கில் முழுவதுமாக ஓட்டுவதில் பொருளில்லை என்று அவரே பின்னர் விளக்கிவிட்டார். காந்தத் தட்டுக்கு ஒருமுறை மேலெழுதுவதே பொதுவாகப் போதுமென்று அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டி 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சொல்லியிருக்கிறது. 35 சுற்று ஓட்டப் பொறுமையின்றி ஒரு சுற்றுகூட ஓட்டாமல் விடுவதைவிட, ஒரே சுற்றை முழுமையாக முடித்து, அங்கங்கே சில செக்டர்களைத் திறந்து பூஜ்யங்கள்தாம் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது எவ்வளவோ மேல்.

தட்டுகளுக்குப் பதில் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த முறை பொருந்தாது. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி எழுதித் தேய்ந்துவிடாமலிருக்க, எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி நாம் எழுதுவதை வெவ்வேறு சிப் பகுதிகளுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்; கணினியின் கண்ணுக்குத் தெரியாத உபரி இடத்தையும் தன்னிடம் வைத்திருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு மேலெழுதினாலும் பழைய பிரதி அங்கே தங்கிவிடலாம். 2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள் சிப்புகளையே நேரடியாகப் படித்துச் சோதித்தபோது, தனிக் கோப்பை மட்டும் அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை. ஆகவே தயாரிப்பாளரின் மென்பொருள் வழியாகவோ கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பு வழியாகவோ 'செக்யூர் எரேஸ்' கட்டளையையும், என்விஎம்ஈ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையானால் 'சானிடைஸ்' கட்டளையையும் கொடுங்கள். யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிக் கொடுத்தால் கட்டளை டிஸ்கைச் சென்றடையாமல் போகலாம். மதர்போர்டில் நேரடியாக இணைப்பதே சரி.

சுத்தியல், காந்தம், தண்ணீர் வாளி ஆகியவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டிலுள்ள காந்தம் ஹார்ட் டிஸ்கை ஒன்றும் செய்யாது. அதற்கென்றே உள்ள டீகாஸர் கருவி காந்தத் தட்டை அழிக்கும், ஆனால் எஸ்எஸ்டியில் காந்தப் பதிவே இல்லாததால் அங்கு பயனில்லை. தண்ணீரில் ஊறிய டிஸ்குகளிலிருந்து தரவை மீட்டுத் தருவது எங்கள் அன்றாட வேலை. சுழலவே மறுக்கும் டிஸ்கும் பாதுகாப்பானதல்ல, ஏனென்றால் படிக்கும் முனையான ஹெட்டை மாற்றினால் அதன் தட்டுகளைப் படிக்க முடியும். மேலெழுத முடியாத நிலையில் இருப்பதைத் துண்டுதுண்டாக அரைக்கும் நிறுவனத்திடம் கொடுத்து, டிஸ்கின் சீரியல் எண் குறிப்பிட்ட சான்றிதழை வாங்குங்கள். எஸ்எஸ்டியானால் உறையை மட்டும் உடைத்துப் பயனில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிப்பும் நொறுங்க வேண்டும்.

நிறுவனம் நடத்துபவர்கள் இந்தப் பொறுப்பைப் பழைய சாமான் ஏற்றிச் செல்பவரிடம் விடக்கூடாது. அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியின் செல்வ மேலாண்மைப் பிரிவு, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஒரு சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் டிஸ்குகளை ஒப்படைத்தது. அவற்றில் சில, வாடிக்கையாளர் தகவல்கள் அழிக்கப்படாமலேயே இணைய ஏலத்தில் விலைபோயின. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2022 செப்டம்பரில் விதித்த தண்டத்தொகை 3.5 கோடி டாலர். அதே விசாரணையில், அதன் சில சர்வர்கள் காணாமற்போனதும், அவற்றில் தரவைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க வசதி இருந்தும் பல ஆண்டுகளாக அதை இயக்காமல் விட்டிருந்ததும் தெரியவந்தது.

இந்தக் குறியாக்கத்தைத்தான் உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்க் புதிதாக இருக்கும்போதே, முதல் கோப்பை வைப்பதற்கு முன்பே, விண்டோஸின் பிட்லாக்கரையோ மேக்கின் ஃபைல்வால்ட்டையோ இயக்கிவிடுங்கள். பின்னாளில் டிஸ்க் பழுதாகி வாரண்டியில் திருப்பி அனுப்ப நேர்ந்தாலும், திருடு போனாலும், அதிலிருப்பதைச் சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. மீட்புச் சாவியை மட்டும் அதே கணினியில் வைக்காமல் தாளில் எழுதி வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் அது தொலைந்தால் நாங்களும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கும்.