வயிற்றில் நீர், சிஏ-125 அதிகம் என்றாலே புற்றுநோய் ஆகிவிடாது

குடியாத்தம், பேரணாம்பட்டு, சித்தூர் பக்கமிருந்து பஸ் பிடித்தும், காட்பாடியில் ரயில் இறங்கியும் ஃபைலோடு வேலூர் வருகிறவர்களில் இப்படிச் சிலரை அடிக்கடி பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டிய பெண். ரெண்டு மாதமாக வயிறு ஊதுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர். ரத்தத்தில் சிஏ-125 (சூலகப் புற்றைச் சந்தேகித்தால் பார்க்கும் ஒரு புரதம்) அளவு 35-க்குள் இருக்க வேண்டும், இவருக்கு 600. சி.டி. அறிக்கையின் கடைசி வரி, 'புற்றுநோய்ப் பரவலாக இருக்கலாம்' என்கிறது. அந்த 'இருக்கலாம்' வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. நிலத்தை விற்பதா, நகையை அடகு வைப்பதா என்ற பேச்சு அதற்குள் தொடங்கியிருக்கும்.

நான் பேத்தாலஜிஸ்ட். நீரையும் சதைத் துணுக்கையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்வது என் வேலை. மேலே சொன்ன அத்தனை அறிகுறியும், அத்தனை அறிக்கையும், வயிற்றுக் காசநோயிலும் அப்படியே வரும். அது பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகிற நோய். அரசு மருத்துவமனையில் அந்த மருந்து இலவசம்.

ஏன் இந்தக் குழப்பம்? வயிற்றறையின் உட்சுவரையும் குடல், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்போம். விரித்தால் ஏறக்குறைய உடம்புத் தோலின் பரப்பளவு வரும். காசநோய்க் கிருமி வந்தாலும் சரி, புற்றுசெல் வந்தாலும் சரி, அந்த உறை ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டும்: தடிக்கும், நீர் கோக்கும், சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பும், குடலுக்கு முன்னால் தொங்கும் ஓமென்டம் என்ற கொழுப்புத் திரை கெட்டிப்படும். சிஏ-125-ஐ அந்த உறையே சுரக்கும். அதனால் கல்லீரல் சுருக்க நோயிலும், கருப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் அது ஏறும், மாதவிலக்கு நாட்களில்கூடக் கொஞ்சம் ஏறலாம். புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடும் என்று நினைக்கிறார்கள். காசநோயும் அதில் பளிச்சென்று ஒளிரும்.

முதலில் நீர். "வயித்துல தண்ணி எடுத்தாங்க, லேசா ஆயிடுச்சு" என்பார்கள். டெஸ்டுக்கு அனுப்பினார்களா என்று கேட்டால் பதில் இருக்காது. லிட்டர் கணக்கில் எடுத்துக் கொட்டிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். அதே நாளில் ரத்தத்திலும் நீரிலும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டெசிலிட்டருக்கு 1.1 கிராம் அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் கல்லீரல் அல்லது இதயக் கோளாறு. அதற்குக் குறைவென்றால் உறையைச் சந்தேகிக்க வேண்டும். நீரில் ஏடிஏ என்ற நொதி 40-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் காசநோய்ப் பக்கம் சாயும், ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றிலும் அது ஏறலாம். செல் பரிசோதனைக்கு நான் 50 மில்லியாவது கேட்பேன், கூடுதலாக இருந்தால் நல்லது. எடுத்த அன்றே லேபுக்கு வர வேண்டும். நம்ம ஊர் மே மாத வெயிலில் ஒரு ராத்திரி வெளியே வைத்தால் செல்கள் அழுகிவிடும். நீரில் புற்றுசெல் இல்லை என்று அறிக்கை வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமில்லை. காசநோய்க் கிருமியும் நீரில் அபூர்வமாகத்தான் அகப்படும்.

ஆகவே சதைத் துணுக்குதான் தீர்ப்பு சொல்லும். ஓமென்டம் தடித்திருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசியில் எடுக்கலாம். இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுப் பார்ப்பது. சி.டி.யில் தப்பிவிடும் அரை சென்டிமீட்டருக்கும் சிறிய முடிச்சுகூட அதில் நேராகத் தெரியும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: துணுக்கு முழுவதையும், திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடக் கூடாது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய வழியில்லை. ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொரு துண்டு சாதாரண சலைனில், இரண்டாவது காசநோய்ப் பரிசோதனைக்கு. பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினால், இரண்டு பாட்டில் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

"கத்தி பட்டா பரவிடுமாமே டாக்டரம்மா?" அநேகமாக எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி. உறைக்குள் ஏற்கெனவே பரவியிருக்கும் நோயில் ஒரு துணுக்கு எடுப்பதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. பெயர் தெரியாமல் மருந்து கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. சூலகத்தில் மட்டும் உடையாத கட்டி இருந்தால் அதை ஊசியால் குத்த மாட்டார்கள், முழுசாக அகற்றுவார்கள். அந்தக் கணக்கு வேறு.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. ஏடிஏ கொஞ்சம் கூட என்பதால் காசநோய் மருந்தைத் தொடங்கி மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, கடைசியில் துணுக்கு எடுத்தால் இரைப்பைப் புற்று. அந்த மாதங்கள் திரும்பக் கிடைக்காது. மருந்து தொடங்கி ரெண்டு மாதத்தில் நீர் வற்றவில்லை, எடை ஏறவில்லை என்றால் துணுக்கு எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

புற்றுதான் என்று உறுதியானாலும் பெயர் முக்கியம். சூலகத்திலிருந்து வந்ததா, இரைப்பையா, குடல்வாலில் தொடங்கி வயிறு முழுக்க ஜெல்லி நிரப்பும் வகையா, உறையிலேயே பிறக்கும் அரிய மீசோதீலியோமாவா? ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு, சிலருக்குப் பெரிய அறுவை சிகிச்சையே பலன் தரும். இதைப் பிரித்தறிய, செல் எங்கிருந்து வந்தது என்று காட்டும் இம்யூனோ சாயங்கள் போட வேண்டும். அதற்கு மறுபடி குத்தத் தேவையில்லை, மெழுகில் பதித்த பழைய பிளாக்கிலேயே செய்யலாம். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அவற்றின் எண்ணை ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.