தூங்கிய பிறகும் ஏறும் போதை

“விடுடா, தூங்கட்டும். காலையில சரியாயிடும்.” குடித்து மயங்கிய நண்பனைப் பற்றி விடுதி அறைகளில் சொல்லப்படும் இந்த வார்த்தை எனக்குப் பெரும் அச்சத்தைத் தருகிறது.

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒரு மாணவர் சங்கத்தில் சேர வந்தவர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். தவறாகச் சொன்னால் குடிக்க வேண்டும். நினைவிழந்த 18 வயது மாணவரைச் சோஃபாவில் கிடத்திவிட்டார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். ரத்தத்தில் ஆல்கஹால் 0.495 சதவீதம். இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 0.03 தான்.

மது நஞ்சு என்றதும் நமக்கு 2024-இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்த மெத்தனால் நினைவுக்கு வரும். அது வேறு. கடையில் சீல் உடைத்து வாங்கும் சரக்கிலுள்ள ஆல்கஹாலான எத்தனாலே அளவு மீறினால் கொல்லும்.

எப்படி? ஆல்கஹாலில் பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. அதனால் கடைசி டம்ளரை வைத்த பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆள் தூங்கிவிட்டார், போதை தூங்கவில்லை. கல்லீரலோ ஒரே கவுண்டர் திறந்திருக்கும் டோல்கேட் மாதிரி: வரிசை எவ்வளவு நீண்டாலும் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கடத்தும். 42.8 சதவீத பிராந்தி ஒரு குவார்ட்டரில், அதாவது 180 மில்லியில், ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது ஒன்று தீரவே ஆறு மணி நேரமாவது ஆகும். பந்தயம் கட்டி மடமடவென்று இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூளையில் ஆல்கஹால் பிரேக்கை அழுத்துகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறது. முதலில் நிதானம் போகும், அப்புறம் நடை, பிறகு நினைவு. கடைசியில் மூச்சை நடத்தும் முகுளமும் மந்தமாகிறது. மூச்சுக்குழாயில் எதுவும் இறங்காமல் காக்கும் அனிச்சைச் செயலும் அடங்கிவிடுவதால், மல்லாந்து கிடப்பவர் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உடல் சூட்டை இழக்கும். வெறும் வயிற்றில் குடித்தவருக்கு ரத்தச் சர்க்கரையும் சரியும்.

ஆகவே பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளை உலுக்குங்கள். எழவில்லையா? மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி என்றால் ஆபத்து. உடல் சில்லிட்டிருப்பது, உதடும் நகமும் நீலம் பாரிப்பது, வலிப்பு, தூக்கத்திலேயே வாந்தி எல்லாமே ஆபத்துதான். எல்லா அறிகுறியும் சேரக் காத்திருக்காதீர்கள். எழுப்ப முடியவில்லை என்ற ஒன்றே 108-ஐ அழைக்கப் போதும்.

வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே இருங்கள். மூச்சே நின்றுவிட்டால் 108-இல் பேசுபவரிடம் உடனே சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழாயில் போய்விடும், ஆல்கஹாலையும் குறைக்காது. விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும், தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

தயக்கம் எங்கே வருகிறது என்று தெரியும்: வார்டன், வீடு, சஸ்பென்ஷன். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கவே கூடாது என்பதால் பயம் இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-லேயே, உதவிக்கு அழைக்கும் மாணவர்களைத் தண்டிக்காமல் விடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நம் விடுதிகளுக்கும் அது உடனே வேண்டும்.

ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் என்ன குடித்தார், எவ்வளவு, எப்போது, மாத்திரை ஏதும் சேர்த்தாரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனாலின் நஞ்சை முறிக்கும் மருந்து இல்லை. மூச்சுக்குழாயைக் காத்து, தேவைப்பட்டால் வென்டிலேட்டர் வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, கல்லீரல் அந்த வரிசையைக் கடத்தி முடிக்கும்வரை மருத்துவர்கள் அவரை உயிரோடு வைத்திருப்பார்கள்.