நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டதாம்!

சென்ற மாதம் ஒரு கல்லூரிப் பட்டிமன்றத்துக்கு நடுவராகப் போயிருந்தேன். ராணுவச் செலவு பற்றிய தலைப்பு. ஒரு மாணவர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "நாடாளுமன்றமே ஒப்புதல் கொடுத்து வாங்கிய விமானத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது தேசத் துரோகம்." கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. எதிரணி மாணவியாவது அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவரோ, "ஒப்புதல் கொடுத்த நாடாளுமன்றமும் உடந்தைதான்" என்று ஒரு படி மேலே போனார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்த ஒரு வாசகத்தை மைத்துனர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், காலை நடையில் கூட வருகிறவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டதற்குக் கணக்கே இல்லை. பாதுகாப்புத் துறைக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவன் நான். கல்லூரி மேடைக்கும் அது வந்துவிட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்திய நாடாளுமன்றம் எந்தப் போர் விமானத்தையும் வாங்க ஒப்புதல் கொடுப்பதில்லை. பீரங்கிக்குக் கொடுப்பதில்லை. ஒரு ஜோடி பூட்ஸுக்குக்கூடக் கொடுப்பதில்லை. தேவையைப் படைத் தலைமையகம் எழுப்புகிறது. பாதுகாப்பு அமைச்சர் தலைமையில் 2001 முதல் இயங்கும் கொள்முதல் கவுன்சில் அந்தத் தேவையை ஏற்கிறது. சோதனையும் விலைப்பேச்சும் முடிந்தபின், பெரிய ஒப்பந்தமானால் பிரதமர் தலைமையிலான அமைச்சரவைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகிறது. அங்கே முடிவாகிவிடும். கோப்பு நடக்கும் இந்த வழியில் நாடாளுமன்றத்தின் வாசற்படி எங்குமே குறுக்கிடாது.

ஜெர்மனியில் இரண்டரைக் கோடி யூரோவைத் தாண்டும் ஒவ்வொரு ராணுவ ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் அங்குள்ள நாடாளுமன்றத்தின் வரவு செலவுக் குழுவுக்குப் போயாக வேண்டும். அந்த மாணவர் ஜெர்மனியில் பேசியிருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நம் மக்களவை செய்வது வேறு. அது மொத்தத் தொகைக்கு வாக்களிக்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு நான்கு மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் கோரிக்கைகள். 2025-26-க்கு அவற்றின் கூட்டுத்தொகை 6,81,210 கோடி ரூபாய். அதில் புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவு 1,80,000 கோடி, ஓய்வூதியம் மட்டும் 1,60,795 கோடி. மளிகைக்கு என்று மாதம் ஒரு தொகையை எடுத்துக் கொடுக்கும் தாத்தா, நீங்கள் எந்தக் கடையில் என்ன விலைக்குத் துவரம்பருப்பு வாங்கினீர்கள் என்பதற்கு ஒப்புதல் கொடுத்தவர் ஆகிவிடுவாரா? மாதக் கடைசியில் கடைச் சீட்டைக் கேட்பார். கேட்டால்தான் அவர் தாத்தா.

சரி, அந்த மொத்தத் தொகையையாவது பேசிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்களா? 2018 மார்ச் 13 அன்று, அந்த அமைச்சகத்தின் கோரிக்கைகளை ஆராயும் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையை அவையில் வைத்தது. ராணுவத் துணைத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் குழுவின் முன் சொன்னது அதில் இருந்தது. படையின் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் இன்றைய தரத்தவை, 8 சதவீதம் மட்டுமே அதிநவீனமானவை. நடந்துகொண்டிருந்த 125 திட்டங்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தவணைகள் 29,033 கோடி ரூபாய். நவீனமயத்துக்கு ஒதுக்கியதோ 21,338 கோடி. பழைய தவணை கட்டவே பணம் இல்லாத வீட்டில் புது வண்டி வாங்குவதைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று பொருள். சீருடையில் இருக்கும் ஒருவர் இவ்வளவு பச்சையாகச் சொன்னதை என் பணிக்காலத்தில் நான் அதிகம் படித்ததில்லை.

மறுநாள், மார்ச் 14 அன்று, மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் அமளிக்கு நடுவே அரை மணி நேர அளவில் விவாதமின்றி நிறைவேறின. இதற்குக் கில்லட்டின் என்று பெயர். விவாதிக்காத கோரிக்கைகளை ஒரே மூச்சில் வாக்குக்கு விட்டுவிடுவது. 2023 மார்ச்சிலும் அப்படியே நடந்தது.

அந்த நிலைக்குழுவின் அப்போதைய தலைவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் பி.சி. கந்தூரி, ஆளுங்கட்சிக்காரர். அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். குழுக்கள் ஆண்டுதோறும் திருத்தியமைக்கப்படுபவைதான். அதற்கு மேல் தணிக்கைக்காரன் ஊகிக்கக் கூடாது.

"ராணுவ ரகசியத்தை எம்.பி.க்களிடம் எப்படிச் சொல்வது?" என்று இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். நிலைக்குழுவில் 31 பேர். மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கூட்டம் மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்று கருதினால் ஓர் ஆவணத்தைத் தர மறுக்கவும் மக்களவை விதி 270 அரசுக்கு இடம் தருகிறது. இவ்வளவு காவல் இருந்தும் பயம் என்றால், பயம் எதிரி நாட்டைப் பற்றியதாக இருக்க முடியாது.

பணம் செலவான பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். கிடங்குக்குப் போனால் முதலில் நான் எழுதிக்கொள்வது மூன்று தேதிகள்: தேவை எழுந்த தேதி, ஆணை கொடுத்த தேதி, பொருள் வந்து இறங்கிய தேதி. பாதி ஆட்சேபணை அந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். இளைய அதிகாரிகள் விலையைத் துரத்துவார்கள். நான் நாட்காட்டியைத் துரத்தச் சொல்வேன். 2020 பிப்ரவரியில் அவையில் வைக்கப்பட்ட, தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கையைப் பாருங்கள். 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பனிமலைக் காவலுக்கான பூட்ஸ் வாங்கப்படவில்லை. வீரர்களுக்குப் பழைய பூட்ஸைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். லஞ்சம் என்றோ ஊழல் என்றோ அந்தப் பத்தியில் ஒரு சொல் கிடையாது. தேதிகள் மட்டும்தான். சியாச்சின் குளிரில் இன்னொருவர் போட்டுக் கழித்த பூட்ஸுக்குள் கால் விடுகிறவரை நினைத்துக்கொண்டு அந்தத் தேதிகளைப் படியுங்கள்.

அந்த அறிக்கை அரசியல் சட்டத்தின் 151-ஆவது பிரிவின்படி அவைகளுக்குப் போகிறது. அங்கிருந்து, தணிக்கை அறிக்கைகளை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு. 22 பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரே தலைவராக இருப்பது மரபு. குழு எல்லாப் பத்திகளையும் எடுத்து ஆராய்வதில்லை, ஆராய நேரமும் இல்லை. ஆகவே "தணிக்கை அறிக்கையில் வந்துவிட்டது, நாடாளுமன்றம் பார்த்துவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். உச்ச நீதிமன்றமே இதில் ஒருமுறை இடறியது. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் பற்றிய வழக்கில் அரசு கொடுத்த குறிப்பு, தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு "ஆராயும்" என்று வழக்கமான நடைமுறையைச் சொன்னது. 2018 டிசம்பர் 14 தீர்ப்பில் அது "ஆராய்ந்துவிட்டது" என்று ஆகிவிட்டது. குழுத் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கே, அப்படி ஓர் அறிக்கையே தன்னிடம் வரவில்லை என்றார். எப்படி வரும்? அது அவையில் வைக்கப்பட்டதே 2019 பிப்ரவரி 13 அன்றுதான். அரசு திருத்தம் கோரி மனுப்போட வேண்டியிருந்தது. ஒரு வினைமுற்றின் காலம் மாறினால் என்ன ஆகும் என்று பள்ளியில் தமிழாசிரியர் பிரம்போடு சொன்னது வீண்போகவில்லை.

எதற்கெடுத்தாலும் ஊழல் என்று முழங்கும் எதிர்முகாமுக்கும் ஒரு வார்த்தை. தணிக்கைப் பத்தி தீர்ப்பாகாது. கார்கில் போரில் இறந்தவர்களுக்கு வாங்கிய சவப்பெட்டிகளின் விலை பற்றி 2001-இல் தணிக்கை கேள்வி எழுப்பியது. வழக்கு நடந்து, 2013-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. கேள்வி எழுப்பியது தவறா? இல்லை. கேள்வியையே தண்டனையாக மேடைகளில் வாசித்தது தவறு.

குழுக்களை வைத்துக் கண்துடைப்பும் நடத்தலாம் என்பது உண்மைதான். 1,437 கோடி ரூபாய்க்கு 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்கிய ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியதா என்று ஆராய 1987-இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைத்தபோது பிரதான எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. குழு 1988-இல் குற்றமில்லை என்ற தொனியில் அறிக்கை கொடுத்தது. உள்ளேயிருந்து மாறுபட்ட குறிப்பு எழுதியவர் நம் தமிழ்நாட்டு எம்.பி. ஆலடி அருணா. மறு ஆண்டு தணிக்கை அறிக்கை வந்ததும் எதிர்க்கட்சியினர் மக்களவையிலிருந்து கூட்டமாகப் பதவி விலகினார்கள். இன்று அந்தப் பெரும்பான்மை அறிக்கையைத் தேடிப் படிக்கிறவர்கள் யார்? நினைவில் நிற்பது அருணாவின் குறிப்புதான்.

இனிமேல் யாராவது "நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது" என்று சொன்னால், எந்த அவை, எந்தத் தேதி என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். தணிக்கை அறிக்கை என்று ஒரு படம் கைப்பேசிக்கு வந்தால் பத்தி எண்ணும் அமைச்சகத்தின் பதிலும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அமைச்சகத்தின் பதிலை வெட்டிவிட்டு அனுப்புவது இப்போது ஒரு கலையாகிவிட்டது. இருதரப்பும் அதில் கைதேர்ந்தவர்கள். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் தயவுசெய்து சாலை, ரயில் நிறுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கேள்வி நேரத்துக்கு அவர் 15 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதும். பூட்ஸ் வந்து இறங்கிய தேதியைக் கேட்பதால் எந்த ரகசியமும் எல்லை தாண்டாது.

பட்டிமன்றம் முடிந்து படியிறங்கியபோது அந்த எதிரணி மாணவி பின்னாலேயே வந்தார். எங்கே படிப்பது என்று கேட்டார். பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகள் பலவற்றை அண்மை ஆண்டுகளில் இணையத்தில் ஏற்றுவதில்லை என்ற குறையைச் சொல்லிவிட்டு, நிலைக்குழு அறிக்கைகள் மக்களவை இணையதளத்தில் கிடைக்கும் என்றேன். தாழ்வாரத்தில் நின்றபடியே கைப்பேசியில் 2018 அறிக்கையைத் தேடி எடுத்து, 68 என்ற எண் இருக்கும் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"சார், இதை அவையில் யாருமே படித்துக் காட்டவில்லையா?"

மறுநாள் நடந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.