சிவனொளிபாதமலையின் முக்கோண நிழல்

"மலை கூம்பு வடிவில் இருப்பதால்தானே நிழலும் முக்கோணமாக விழுகிறது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. உச்சி தட்டையாகவே இருந்தாலும், அங்கே நின்று பார்ப்பவருக்கு நிழல் முக்கோணமாகத்தான் தெரியும்.

இலங்கையின் இந்த 2,243 மீட்டர் மலையில் உள்ள சுவடு சைவருக்குச் சிவன் பாதம், பௌத்தருக்குப் புத்தர் பாதம், இஸ்லாமியருக்கு ஆதம் பாதம். சுற்றியுள்ள காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

நிழல் என்றால் தரையில் விழும் கறுப்பு என்றே நினைக்கிறோம். உண்மையில் மலைக்குப் பின்னால் வெயில் படாத காற்று, நீண்ட சுரங்கம்போல மேற்கே கடல்வரை கிடக்கிறது. கதிர்கள் ஏறத்தாழ இணையாக வருவதால் அதன் அகலம் பெரிதாக மாறுவதில்லை. உச்சியில் நிற்பவர் சுரங்கத்தின் ஒரு முனையில் நின்று நெடுக்கப் பார்க்கிறார். தண்டவாளங்கள் தூரத்தில் கூடுவதுபோல் விளிம்புகள் கூடுகின்றன. கூடும் இடம் சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளி. விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்று பாருங்கள், சதுரக் கட்டடத்தின் நிழலும் தூரம் போகப்போகக் குறுகித் தெரியும்.

மலையின் மேடுபள்ளங்கள் எங்கே போயின? சூரியன் புள்ளியல்ல, அரை பாகை அகல வட்டு. ஆகவே 50 கி.மீ. தள்ளி நிழலின் ஓரம் சுமார் 450 மீட்டர் அகலத்துக்கு மங்கிவிடும். உச்சிப் பாறையும் கோயிலும் அதில் கரைந்துபோகும்.

சில நாள் முக்கோணம் தரையை விட்டு எழுந்து எதிரே நிமிர்ந்து நிற்கும். இதைக் கானல் என்று விளக்கியவர்கள் உண்டு. மலையில் இரவு தங்கிப் பார்த்த வானிலை ஆய்வாளர் ரால்ஃப் ஆபர்குரோம்பி, 1880களில், மூடுபனியே காரணம் என்றார். பள்ளத்தாக்குக் காட்டின் ஈரம் இரவில் குளிர்ந்து பனித்திரையாகிறது. நிழல் அதில் விழுகிறது. தெய்வச் செயல் என்று கும்பிடுவோரோடு சண்டை வேண்டாம். ஆனால் படியேறும் பிள்ளைகளுக்கு இந்த வடிவியலையும் சொல்லித்தர வேண்டும். இதைவிடப் பெரிய கரும்பலகை எந்தப் பள்ளியிலும் இல்லை.

மலை தாழ்நிலத்தைவிட 2 கி.மீ. உயரம் என்று கொண்டால், சூரியன் தொடுவானத்திலிருந்து 2 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழல் 57 கி.மீ., 5 பாகையில் 23 கி.மீ. அங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை ஏறுகிறது. அதனால் காட்சி 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் வரை. மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள். அதிகாலை 2 மணிக்குள் கிளம்புங்கள். கூட்டம் முழுக்கக் கிழக்கே பார்த்து நிற்கும், நிழலைத் தவறவிடுவது அதனால்தான். சூரியன் தலைகாட்டியதும் மேற்குச் சுவருக்கு வந்துவிடுங்கள். கிழக்கே மேகம் இருந்தால் நிழல் இல்லை. மேற்கே காற்று மூடுபனியின்றித் துடைத்ததுபோல் தெளிவாக இருந்தால், விழத் திரை இல்லாமல் நிழல் மங்கலாகவே தெரியும்.