கடைப் பலகையில் பாதி எழுத்து

போன மாதம் ஓ.பி.க்கு அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். கூட வந்த மனைவிதான் பேசினார். "மூணு நாளா வண்டியை உள்ளே விடும்போது இடது பக்கம் கேட்டுல இடிச்சுக்கிட்டே இருக்கார் டாக்டர். தட்டுல இடது பக்கம் வெச்ச பொரியலைத் தொடவே இல்லை. ஏன்னு கேட்டா, பொரியல் வெச்சியான்னு என்னையே திருப்பிக் கேக்கறார்." அவரோ, "கண்ணாடி பவர் மாறியிருக்கும் சார்" என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மூளையின் வலது பக்கம், பின்பகுதியில் ரத்தம் போகாமல் ஓர் இடம் செத்துப் போயிருந்தது. பக்கவாதம். கை கால் விளங்காமல் போனால்தான் பக்கவாதம் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

இப்படி ஒருவர் வரும்போதெல்லாம் எனக்கு ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் ஞாபகம் வரும்.

1870-ஆம் ஆண்டின் முற்பகுதி. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரோடு சாப்பிட டிக்கன்ஸ் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெரு வழியாக நடந்து வருகிறார். தெரு நெடுகக் கடைப் பெயர்ப் பலகைகளில் வலது பாதி எழுத்து மட்டும்தான் தெரிகிறது, இடது பாதி இல்லை. அதற்கு முன்பும் ஒருமுறை அப்படி ஆகியிருந்தது. ஃபார்ஸ்டரிடம் இதைச் சொன்னவர், சாப்பிடும் மருந்தால் வந்த கோளாறு என்றே நம்பினார்.

இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப் போனது. ஏனென்றால் பலகைகளைப் படித்தே வளர்ந்த ஆள் அவர். 1812-இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். அப்பா கடற்படைச் சம்பள அலுவலகக் குமாஸ்தா, கைக்கு எட்டாத செலவு செய்து 1824-இல் மார்ஷல்சீ கடன்காரர் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினான். வாரம் ஆறு ஷில்லிங் கூலி. அந்த நாட்களில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, கதவுக் கண்ணாடியில் 'காஃபி ரூம்' என்று தெருவைப் பார்த்து எழுதியிருந்ததை உள்ளிருந்து ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாக 'மூர் ஈஃபாக்' என்று படித்தானாம். பெரியவனான பிறகும் அப்படி ஓர் எழுத்தைப் பார்த்தால் ரத்தத்துக்குள் ஓர் அதிர்ச்சி ஓடும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கண்தான் அவர் எழுத்து. நாவல்கள் மாதா மாதம் ஒரு ஷில்லிங் விலையில் 32 பக்கப் பகுதிகளாகவோ, வாரத் தொடராகவோ வந்தன. தொடர்கதை படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு மாதம் கழித்து வரும் பாத்திரத்தை வாசகர் மறந்துவிடுவார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகை, ஒரு பேச்சு வழக்கம், ஒரு விசித்திரப் பெயர் கொடுத்தார். ஆள் நுழைந்ததும் அடையாளம் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 'பிக்விக் பேப்பர்ஸ்' சில நூறு பிரதிகளில் ஆரம்பித்து, முடியும்போது மாதம் நாற்பதாயிரம் விற்றது. இன்றும் அவர் நாவல்கள் படிக்கப்படுவதற்கு அந்தப் பாத்திரங்கள்தான் காரணம் என்பேன்.

வைத்தியர்களுக்கு அவரைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. நின்றபடியே தூங்கிவிடும் குண்டுப் பையன் ஜோ 'பிக்விக்'கில் வருவான். உடல் பருமனால் மூச்சு குறைந்து பகலிலும் தூங்கி விழும் நோய்க்கு 1956-இல் அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். 'பிளீக் ஹவுஸ்' நாவலில் சர் லெஸ்டர் டெட்லாக்குக்குப் பக்கவாதம் வருகிறது. புத்தி தெளிவாக இருக்கிறது, வாய் திறந்தால் வார்த்தை வரவில்லை. கற்பலகையில், தன் கையெழுத்தே இல்லாத கோணல் எழுத்தில் எழுதிக் காட்டுகிறார். என் வார்டில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒரு வரிகூட மிகையில்லை.

அப்படி எழுதியவர்தான் தன் உடம்பு சொன்னதைத் தள்ளிப் போட்டார். 1868 அக்டோபரில் தொடங்கிய கடைசி மேடை வாசிப்புப் பயணத்தில் தன் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் வரும் நான்ஸி கொலைக் காட்சியை நடித்தே வாசித்தார். சாதாரணமாக 72 இருந்த நாடித்துடிப்பு 124 வரை போனதை மருத்துவர் ஃபிராங்க் பியர்ட் பின்னாளில் எண்ணிக் குறித்திருக்கிறார். 1869 ஏப்ரலில் பியர்டுக்கு டிக்கன்ஸ் ஒரு கடிதம் எழுதினார்: தலை சுற்றுகிறது, இடது பக்கம் கால் ஊன்ற முடியவில்லை, கையைத் தலைக்குத் தூக்க மனம் வரவில்லை, இது நீங்கள் தந்த மருந்தால் இருக்குமா? பியர்ட் உடனே ரயிலேறிப் பிரெஸ்டன் போய், அன்று நடக்கவிருந்த வாசிப்பையே நிறுத்தினார். சர் தாமஸ் வாட்சன் என்ற இன்னொரு மருத்துவரும் பார்த்துவிட்டு, இடது பக்கம் பக்கவாதம் வரும் விளிம்பில் இருக்கிறார் என்றார். சரி, அதற்கு மேல் அன்று என்ன செய்ய முடியும்? கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்ததே 1896-இல்தான். ஓய்வெடுங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் மறுபடி மேடை ஏறினார்.

இன்று நமக்கு எல்லாம் இருக்கிறது, ஆனால் காரணம் சொல்வது மட்டும் மாறவில்லை. பித்தம், கழுத்து எலும்புத் தேய்மானம், கையை மடக்கிப் படுத்ததால் மரத்துப் போச்சு, வெயில். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டால் இன்னும் மோசம், யாரும் வருவதே இல்லை. அப்படி வந்து போவதை 'மினி ஸ்ட்ரோக்' என்கிறோம். அது வந்தவர்களுக்கு முழு பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தழைவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கப் பார்வை மறைவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது, இதில் எது வந்தாலும், வந்து போய்விட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பிரஷரும் சர்க்கரையும் உள்ளவர்கள் இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், பாதிப்பு வந்தவருக்கே சில சமயம் அது தெரியாது. மனைவி பார்த்ததால்தானே அந்தப் பொரியல் எங்கள் காதுக்கு வந்தது.

1870 ஜூன் 8. கேட்ஸ் ஹில் வீட்டில் பகலெல்லாம் பாதியில் நின்ற கடைசி நாவலை எழுதிவிட்டு டிக்கன்ஸ் சாப்பிட உட்கார்ந்தார். முகம் மாறியிருப்பதை மைத்துனி ஜார்ஜினா பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கு, "ஆமாம், ஒரு மணி நேரமாகவே" என்றார். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றதற்கு வேண்டாம், சாப்பாடு நடக்கட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் எழுந்தவர் தள்ளாடினார். படுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஜார்ஜினா. "ஆம், தரையில்" என்று சொல்லிச் சரிந்தார். மறுநாள் மாலை உயிர் போனது. வயது 58.

அந்த ஒரு மணி நேரம் இன்றைக்கு எங்களுக்குப் பெரிய விஷயம். அடைப்பால் வந்த பக்கவாதமென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு மூளை பிழைக்கும். ரத்தக் கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும், அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் தண்ணீர், காபி எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். வந்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது. அந்த நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள்.